நொய்யலுக்கு அக்கரையில் ஒரு முகம்

நித்தீஷ் அனுப்பிய ஃபோன் கூரியரில் வந்து, பெட்டியைப் பிரிக்கும் முன்பே அதன் விலை மண்ணரை நாலாவது வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியது வேறு யாருமில்லை, ஃபோனுக்குச் சொந்தக்காரியான அவனுடைய அம்மா தெய்வாத்தாளேதான்.

தெய்வாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயது. கீழே வாடகைக்கு விட்ட எட்டுக் கதவு லைன் வீடு. மேலே அவள் மட்டும் குடியிருக்கிற மாடி வீடு. அதற்கு முன்னால் நொய்யல் ஆற்றைப் பார்த்த பால்கனி. சாப்பிடுவதும் தூங்குவதும் உள்ளே என்றாலும் அவள் வாழ்ந்தது பால்கனியில்தான். எந்த வீட்டு வாசலில் எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பெண் ஷிப்ட் முடிந்து யாருடன் நடந்து வந்தாள் என்பதெல்லாம் அவளைக் கேட்டால் மணிக்கணக்கோடு வரும்.

"அம்மா, இதுல நூறு மடங்கு ஜூம் இருக்குது. நிலாவுல இருக்கற குழி கூடத் தெரியும்," என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்னான்.

தெய்வாத்தாளுக்கு நிலாவில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள்.

ஒரே வாரத்தில் அக்கரை முழுவதும் அவள் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. எந்த வீட்டுக் கொடியில் யாருடைய புடவை காய்கிறது என்பதை பக்கத்து வீட்டு வேலாத்தாளின் மகளுக்குக் காட்டினாள். சாயப்பட்டறைக் காவல்காரன் வேலை நேரத்தில் தூங்குவதைத் தெருமுனை ஸ்டுடியோ வேல்குமாருக்குக் காட்டினாள். வேல்குமாருக்குத்தான் எரிச்சல். கல்யாணம் காதுகுத்தெல்லாம் ஃபோனுக்குப் போனபின் அவன் ஸ்டுடியோவைச் சுருக்கிக்கொண்டு, ஆன்லைனில் விற்கிற பனியன்களைப் படமெடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். கும்பாபிஷேகத்தில் கோபுரக் கலசத்தை எடுக்கிற முழங்கை நீள லென்ஸ் ஒன்று பையில் சும்மா கிடந்தது.

"கேமரா இருக்கறத எடுக்குமுங்கக்கா," என்றான். "உங்க ஃபோனு இல்லாதத ரொப்பிக்கும். தூரத்துல மங்கலா ஒண்ணு தெரிஞ்சா, இதுவே ஒரு கண்ணு மூக்கு வெச்சு முடிச்சுரும்."

"வெச்சா வெச்சுட்டுப் போகுது. பாக்க லட்சணமா இருக்குதில்லீங்க வேலு?"

அந்தச் செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை. ஜெனரேட்டர் இல்லாத சின்னப் பனியன் கம்பெனிகள் எல்லாம் நின்றுவிட்டன. வருஷம் முழுக்கக் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் சத்தம் நின்றால் மண்ணரையில் ஒரு மாதிரி வெறுமை வரும். பல்லுப் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுவது போல, காது அந்தச் சத்தத்தைத் தேடும். ஆற்றிலிருந்து சாயமும் ப்ளீச்சிங்கும் கலந்த வாடை, காற்றில்லாததால் நகராமல் நின்றது.

மூன்றே முக்கால் மணி. மற்ற நாளாக இருந்தால் கம்பெனிகளில் டீ நேரம்.

அக்கரையில் பூட்டிக் கிடக்கிற பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் ஒரு பெண் நின்றாள்.

நாலு மாடிக் கட்டிடம். மூடி ஆறு வருஷமாகிறது. கீழ்க்கதவில் ஒன்றுக்கு மூன்று பூட்டு. அங்கே ஒரு பெண், பச்சை சுடிதாரில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

தெய்வாத்தாளின் மனம் குளிர்ந்தது. ஐந்தாம் கதவில் குடியிருக்கிற மதுமதிக்குப் பச்சை சுடிதார் உண்டு. மதுமதிக்குச் சிரித்துப் பேசும் பழக்கமும் உண்டு. கல்யாணமாகி நாலு மாதத்தில் எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று தெய்வாத்தாளுக்கு முன்பே ஒரு கேள்வி இருந்தது. முப்பது மடங்கில் ஒரு படம் எடுத்தாள். முதுகுதான் விழுந்தது. அதனால் என்ன. வீதிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, படத்தைப் போட்டு, அடியில் எழுதினாள்: 'நம்ம அஞ்சாம் நம்பர் மதுமதி பட்டப்பகல்ல எங்க நிக்குதுன்னு பாருங்க.'

அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் போனபோது பின்னால் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, தொட்டில தண்ணி இல்லீங்க. கரண்டு எப்ப வருமுங்க?"

காலி வாளியோடு மதுமதி நின்றிருந்தாள். மஞ்சள் நைட்டி. அவிழ்ந்த கொண்டை.

தெய்வாத்தாள் அவளைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். அக்கரை மாடியில் பச்சை அப்படியே இருந்தது.

"அஞ்சு மணிக்கு வரும் கண்ணு. நீ போ," என்றாள். குரல் எங்கோ கீழே கிடந்தது.

மதுமதி இறங்கியதும் எழுதியதை அனுப்பாமல் அழித்துவிட்டு, ஃபோனைத் தூக்கி, ஜூமை அது போகிற மட்டும் தள்ளினாள். நூறு மடங்கில் கை அசைவதும் நூறு மடங்கு. கம்பிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அழுத்தினாள்.

திரையில் முதலில் வந்தது ஒரு பச்சைக் கறை. அதற்கு மேலே மாநிறத்தில் ஒரு கறை.

ஃபோன் சற்று யோசித்தது.

பிறகு மேல் கறைக்குக் கண் வந்தது. மூக்கு வந்தது. உதடு வந்தது. இடது புருவத்தின் நடுவே, முடி முளைக்காத ஒரு வெள்ளைக் கோடும் வந்தது.

முகம் நேராக இந்தப் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் ஊசி முறிந்து தெறித்து, மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்தபோது மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டதே அவள்தான்.

வினிதா.

ஆறு வருஷத்துக்கு முன் ஐந்தாம் கதவில் குடியிருந்தவள். அந்தக் கம்பெனியில் டெய்லர். ஒரு நாள் டீ நேரத்தில், இதே பால்கனியில் நின்று, வெறும் கண்ணால் தெய்வாத்தாள் அதே மாடியைப் பார்த்தாள். ஒரு பச்சைத் துணி. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. தெரிந்தது அவ்வளவுதான். மீதியை அவளே ரொப்பிக்கொண்டாள். வினிதாவிடம் பச்சை சுடிதார் இருந்தது வாஸ்தவம். அந்த வருஷம் சந்தையில் அதுதான் மலிவு, மண்ணரையில் நாற்பது பேரிடமாவது இருந்திருக்கும். சாயந்திரத்துக்குள் அந்தப் பச்சைக்குப் பெயர் வந்து, வெள்ளைச் சட்டைக்குக் கை வந்து, கை இன்னொரு கையைப் பிடித்து, கதை வினிதாவின் புருஷன் இசக்கிமுத்துவின் காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் மூன்றே முக்காலுக்கு வினிதா அந்த மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். பாசியில் கால் வழுக்கிவிட்டது என்றது கம்பெனி. இசக்கிமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் போய்விட்டான். போகும்போது தெய்வாத்தாளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "நீங்க கண்ணால பாத்தியளா?"

பார்த்தேன் என்றுதான் சொன்னாள். ஊரெல்லாம் சொன்ன பிறகு வேறு என்ன சொல்வது.

புதன்கிழமை மின்சாரம் இருந்தது, எல்லா மிஷினும் ஓடியது. மூன்றே முக்காலுக்கு அக்கரை மாடியில் அவளும் இருந்தாள். படத்தில், புருவத்துக்கு மேல் கையை வைத்து, தூரத்தில் இருப்பதை உற்றுப் பார்க்கிறவர்கள் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கை இந்தப் பக்கம் நீண்டு, ஒரு விரல் பால்கனியைச் சுட்டியது. வாய் திறந்திருந்தது.

பக்கத்தில் நிற்கிற யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது போல.

அன்று தெய்வாத்தாள் சோற்றில் கை வைக்கவில்லை. வீதியில் எல்லோரும் கவனித்தார்கள், அவள் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை. வேல்குமாரிடம் படங்களைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"சாக்குப் பை ஏதாச்சும் கம்பில மாட்டி ஆடிட்டு இருக்குமுங்க. அதுக்குத்தான் இது மூஞ்சி வெச்சிருக்குது."

"தழும்பும் வெக்குமுங்களா?"

வேல்குமார் ஃபோனை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "நாளைக்கு நம்ம கேமராவக் கொண்டாரனுங்க. அது பொய் சொல்லாது," என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே வந்து பால்கனியில் ஸ்டாண்டைப் போட்டான். முழங்கை நீள லென்ஸை அக்கரைக்குத் திருப்பினான். கீழே யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம், நிட்டிங் மிஷின்களின் ஓயாத இரைச்சல், ஆற்று வாடை. மூன்றே முக்காலுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் டீ பெல் அடித்தது.

வேல்குமார் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்தான். பிறகு கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினான்.

துருப்பிடித்த கம்பி தெரிந்தது. தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையின் அலகு தெரிந்தது. தரையில் காய்ந்துபோன பாசியின் வெடிப்பு கூடத் தெரிந்தது.

யாரும் இல்லை.

"ஃபோன்லயும் எடுங்க," என்றான்.

எடுத்தாள். நூறு மடங்கு. ஃபோன் யோசித்தது. அதிலும் காலி மாடிதான்.

"நான் சொல்லலீங்களா? பை எதோ இருந்திருக்கும். காத்துல போயிருச்சு."

தெய்வாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது. இறங்கிய வேகத்தில் அதோடு இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது.

"வேலு, அன்னைக்கு நான் மூஞ்சியப் பாக்கலீங்க."

லென்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு மூஞ்சிய?"

"வினிதா மூஞ்சிய. பச்சையா ஒரு துணி தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

"கையப் புடிச்சுட்டு நின்னாங்கன்னு சொன்னீங்களேக்கா. என்ர கடையில உக்காந்துட்டுத்தான் சொன்னீங்க."

"சொன்னேன்."

வேல்குமார் லென்ஸுக்கு மூடி போட்டு, பையில் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்தான்.

"நானும் நாலு பேர்த்துகிட்டச் சொன்னனுங்க," என்றான். படியில் இறங்கும்போது திரும்பாமலே சொன்னான்: "இத என்கிட்டச் சொல்லி என்னங்கக்கா ஆகப் போகுது. கேக்கவேண்டியவ இல்லியே."

அவனுக்கு வைத்த டீ அடுப்பிலேயே ஆறியது.

அவன் போன பிறகு தெய்வாத்தாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அப்போதுதான் மகனிடமிருந்து செய்தி வந்தது. 'ஊரையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பற. உன்ர மூஞ்சி ஒண்ணு அனுப்பும்மா.'

சிரிப்பு வந்தது. உண்மைதான், இந்த ஃபோனில் இன்னும் ஏறாத முகம் அவளுடையது ஒன்றுதான். கூடத்தில் விளக்கைப் போட்டு, சமையலறைப் பக்கம் முதுகு காட்டி நின்று, கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஃபோன் அவள் முகத்தைக் கண்டுபிடித்து, சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போட்டது.

பிறகு இன்னொரு கட்டம் போட்டது.

அது அவள் தோளுக்குப் பின்னால், சமையலறை வாசலில் இருந்தது. கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. வாசலும், வாசலுக்கு அப்பால் இருட்டும்.

தெய்வாத்தாள் திரும்பிப் பார்த்தாள். வாசல் காலியாகத்தான் இருந்தது. காலையில் துடைத்த தரையில், பனியன் பஞ்சு இரண்டு மூன்று இழை வெள்ளையாக ஒட்டியிருந்தது. தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயின் வாடை அடித்தது. இந்த வீட்டில் தையல் மிஷின் கிடையாது.

ஆற்றைச் சுற்றிப் பாலம் வழியாக வந்தால் இருபது நிமிஷம். நடந்து வருகிறவர்களுக்கு.

கேமரா பொய் சொல்லவில்லை. மாடியில் அவள் இல்லை.

திரையில், பின்னால் இருந்த கட்டம் மெல்லப் பெரிதானது. யாராவது நடந்து கிட்டே வந்தால் ஃபோன் அப்படித்தான் செய்யும்.

"நான் பாக்கலே கண்ணு," என்றாள் தெய்வாத்தாள், திரும்பாமல். "உன்ர மூஞ்சிய நான் பாக்கவே இல்லே."

கட்டம் அவள் தோளுக்கு மேல் வந்து நின்றது. கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. விரல் தன்னால் பொத்தானை அழுத்தியது.

படம் விழுந்தது. அவள் முகம். அதன் பக்கத்தில் ஒரு மாநிறக் கறை.

ஃபோன் சற்று யோசித்தது.

முதலில் புருவம் வந்தது.

இந்த முறை அவள் ஜூம் போட்டிருக்கவில்லை. தேவைப்படவில்லை.