எதிர்க்கடைக் கண்ணாடி

"அசையாதீங்க... கண்ணாடியைக் கையில பிடிச்சுக்கிட்டு, லேசா ஒரு சிரிப்பு..."

"எதுக்கு?"

"போட்டோவுக்கு."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள் அவள். எதிரே நின்றவனின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டைக்கு மேலே மங்கலாக ஏதோ ஒன்று... அவ்வளவுதான். புயலன்று கூரை பறந்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாளே, அப்போது மூக்கிலிருந்து போன கண்ணாடி போனதுதான். அவள் பஸ் டிரைவர். கண்ணாடி இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

அது பள்ளிக்கூட வகுப்பறை. இப்போது நிவாரண முகாம். மேசை நிறையப் பழைய கண்ணாடிகள். புயல் எட்டிப் பார்க்காத ஊர்களிலிருந்து யார் யாரோ கொடுத்தனுப்பியவை. அவற்றை வந்தவர்களின் கண்ணுக்குப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவன், கடைத்தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவன்.

"போட்டோன்னா எனக்குக் கண்ணாடியே வேணாம். நான் கை நீட்டி வாங்குறதை ஊரெல்லாம் பார்க்கணுமா?"

"ஐயோ, கோச்சுக்காதீங்க. அனுப்பினவங்க கேக்குறாங்க... பார்த்தா இன்னும் நாலு பேர் குடுப்பாங்க..." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். செல்போனைப் பைக்குள் போட்டான். "சரி, வேணாம். இந்தக் கண்ணாடியால பஸ் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு அவங்களுக்கு எழுதிடுறேன். உட்காருங்க."

கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தது. முதலில் தெரிந்தவை அவன் கண்கள்தான். அடேயப்பா... தூக்கமில்லாமல் சிவந்திருந்தும் சிரிக்கிற கண்கள்! ஜன்னலுக்கு வெளியே தூறல் இழை இழையாகத் தெரிந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியுதா?"

"ம்... நல்லாவே தெரியுது."

"பிரேம்தான் கொஞ்சம் பெரிசு. ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கீங்க."

"என் பஸ்ஸுல ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும் யாருன்னு."

ஏறினான். ஒரு நாள் இல்லை, தினமும் ஏறினான். அவன் கடைக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். மனுஷன் கூச்சமே இல்லாமல் டிக்கெட் எடுத்தான்! முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம், பிரேக்கைப் பார்த்துப் போடுங்க..." என்பான். "வாயை மூடிக்கிட்டு வரலாமே?" என்பாள் இவள். ஆனால் அவன் ஏறுகிற நிறுத்தம் நெருங்கும்போதெல்லாம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். என்ன இது, சின்னப் பெண் மாதிரி... என்று தன்னையே கடிந்துகொள்வாள்.

ஒரு மாலை நல்ல மழை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லாதீங்க." அவள் இன்ஜினை அணைத்தாள். "அப்பா போனதும் சித்தப்பா வீட்டுலதான் வளர்ந்தேன். போட்ட ஒவ்வொரு வாய்ச் சோத்தையும் சித்தி சொல்லிக்காட்டுவாங்க. எங்கம்மா குனிஞ்ச தலை நிமிராம சாப்பிடுவாங்க. இந்தக் கண்ணாடி உங்க கையால வாங்கினது..."

"நான் சொல்லிக்காட்டுவேன்னு நினைக்கிறீங்களா?"

"நீங்க மாட்டீங்க. எனக்கே தோணும். சரின்னு சொன்னா, அது பிடிச்சுப்போயா, நன்றிக்காகவான்னு எனக்கே தெரியாது."

"அதைக் குடுத்தது நான் இல்லைங்க. எந்த ஊர்லயோ இருக்கிற ஒரு அம்மா. நான் நடுவுல நின்னவன்."

"அந்த அம்மா முகம் எனக்குத் தெரியாதே. கண்ணாடி போட்டதும் தெரிஞ்சது உங்க முகம்தான்."

அவன் மழையில் இறங்கிப் போனான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் அவளுக்கு வண்டி காலியாக ஓடியது.

சம்பளம் வந்த அன்று சாயங்காலம் அவன் கடைக்குள் நுழைந்தாள். அவனுடைய முகம் மலர்ந்தது... உடனே வாடியது.

"கண்ணாடி புதுசா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"எதிர்க்கடையில."

"எதிர்க்கடையிலயா! அந்த ஆளுக்குப் பவரே ஒழுங்காப் பார்க்க வராதே..." பதறி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட வாங்கக்கூடப் பிடிக்கலையா?"

"உங்ககிட்ட வந்தா காசு வாங்குவீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல வரவில்லை. "மாட்டேன்."

"அதான்." பழைய கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். "இதை முகாமுக்கு அனுப்பிடுங்க. யாருக்காவது பொருந்தும்."

"அனுப்புறேன்." அவன் தலை நிமிரவில்லை. "அவ்வளவுதானே? இனி நமக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"இல்லை." கன்னம் சூடாகிவிட்டது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. "நன்றியெல்லாம் அந்த முகம் தெரியாத அம்மாவுக்கு. அதை அவங்களுக்கே குடுத்துட்டேன். அப்படியும் என் மனசுல உங்களுக்குன்னு ஒண்ணு மிச்சம் இருக்கு... அது நன்றி இல்லை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இதைத் தலை நிமிர்ந்து சொல்லணும்னுதான் எதிர்க்கடைக்குப் போனேன்."