ஐந்தாவது மெத்தை

லல்லா ஷத்லியா அனுப்பிய படத்தில் மெத்தை ஐந்து இருந்தது.

வஸீலா கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய் மறுபடி எண்ணினாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், நீலம் பூசிய ஜன்னல், அதன் கீழே ஒன்றை ஒன்று ஒட்டிப் போட்ட கம்பளி மெத்தைகள். பெரியது இரண்டு, சின்னது மூன்று. கடைசிச் சின்ன மெத்தையின் தலைமாட்டில் ஒரு குட்டித் தலையணை, கால்மாட்டில் மடித்துவைத்த வெள்ளைத் துணி. கோடை விடுமுறைக்குக் கடலோர மஹ்தியாவில் கிழவி லல்லா ஷத்லியா வாடகைக்கு விடும் அந்த வீட்டுக்குப் போகப்போவது அவளும் அவள் கணவன் நஜீபும் இரண்டு பெண்களும்தான். எப்படிப் பார்த்தாலும் நாலு பேர்.

"ஏழு வருஷம் கழிச்சு கடலுக்குப் போறோம். ஒரு மெத்தை அதிகமா இருந்தா உனக்குக் குத்துதா?" என்றான் நஜீப். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெயிலில் சந்தைக்குப் போவதற்குக்கூடத் திட்டம் போடுகிறவன், இந்தப் பயணத்துக்கு ஒரு முழு நோட்டை ஒதுக்கியிருந்தான்.

"நான் அஞ்சு பேர்னு சொல்லவே இல்லையே, நஜீப்."

"சொன்ன. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? கம்ஸா, கம்ஸான்னு ரெண்டு வாட்டி சொன்ன. கிழவி எழுதிக்கிட்டா."

வஸீலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. போன வாரம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தபோது லல்லா ஷத்லியா, "எத்தனை பேர் வர்றீங்க மகளே?" என்று கேட்ட அதே நேரத்தில், பின்னால் சின்னவள் உன்ஸ் எதற்கோ கலகலவென்று சிரித்தாள். "யாரது? தேனா வழியுது குரல்! அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்து வெச்சுக்கலாம் போல இருக்கே!" என்றாள் கிழவி. அவர்கள் ஊரான கைருவானில் எந்தத் தாய்தான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. பிள்ளையை யாராவது வாய்நிறையப் புகழ்ந்தால் 'ஐந்து' என்று சொல்லிவிட வேண்டும், விரித்த கையின் ஐந்து விரல் போல அந்தச் சொல் புகழ்ந்தவர் கண்ணை மறைக்கும். தும்மல் வருவது போல அது வஸீலாவின் வாயில் வந்தது. கம்ஸா, கம்ஸா. ஐந்து, ஐந்து. "சரி, அஞ்சு," என்று கிழவி சொன்னதை அவள் காதில் வாங்கவேயில்லை.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

இந்தப் பயணமே உன்ஸுக்காகத்தான். ஆறு வயது. மூச்சிரைப்பு. கைருவானின் சூடும், தெருவுக்குத் தெரு கம்பளம் நெய்கிற வீடுகளின் கம்பளித் தூசியும் அவளுக்கு ஆகவில்லை. ஒரு மாதமாவது கடற்காற்று படட்டும் என்று டாக்டர் சொன்னார். மஹ்தியாவின் பழைய ஊரைக் கடல் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. லல்லா ஷத்லியாவின் வீடு அந்த ஊரின் கடைசித் தெருவில், கல்லறைகள் கடலை நோக்கி இறங்கத் தொடங்கும் இடத்தில் இருந்தது. "பயப்படாதே மகளே, என் அக்கம்பக்கத்துக்காரங்க சத்தமே போட மாட்டாங்க," என்று கிழவி அதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருந்தாள். உன்ஸ் பிறந்ததிலிருந்து வஸீலா அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறாள். அந்த விசில் சத்தம் நின்றுவிடுமோ என்பது ஒன்றுதான் அவள் வாழ்க்கையின் பயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஜன்னல் கதவுகளை அடைத்துவிட்டு, தரையில் பாய் விரித்து நாலு பேரும் படுத்தார்கள். வெளியே பாலைவனத்திலிருந்து வரும் சூட்டுக்காற்று தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது. கதவிடுக்கு வழியாக விழுந்த வெயில், தரையில் நூல் நூலாகக் கிடந்தது. நஜீபின் குறட்டை, பெரியவள் மல்காவின் சீரான மூச்சு, உன்ஸின் விசில் என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அந்தத் தாலாட்டில் கண் செருகும்போது, காலடியில் பாய் சரசரத்தது. யாரோ இடம் பார்த்துப் படுப்பது போல. மூன்று பேரும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒரு வாசனை, துறைமுகத்தில் ஒதுங்கி அழுகும் கடற்பாசியின் வாசனை. கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

எழுந்து பார்த்தாள். பாயின் ஓரத்தில் தரை ஈரமாக இருந்தது, ஒரு சின்னப் பிள்ளை சுருண்டு படுக்கும் அளவுக்கு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அன்று சாயங்காலம் பதினொரு வயது மல்கா தர்பூசணி அறுத்தாள். தட்டில் ஐந்து துண்டு. "அஞ்சு யாருக்குடி?" என்று கேட்டதற்கு அவள் அம்மாவை விநோதமாகப் பார்த்தாள். "எல்லாருக்கும்தான் உம்மி." நஜீப் சந்தையிலிருந்து ஐந்து துவாலை, ஐந்து ஓலைத் தொப்பி வாங்கி வந்தான். வஸீலா பையில் மத்தி டப்பாக்களை அடுக்குவதைப் பார்த்து, "மஹ்தியாவுக்கு மீன் கொண்டு போறியா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான்!" என்று கிண்டல் செய்தான். அவள் சிரிக்கவில்லை.

"நஜீப், நாம எத்தனை பேர்? எண்ணிச் சொல்லு."

"வெயில்ல மூளை கலங்கிருச்சா?" காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான். "நான். நீ. மல்கா. உன்ஸ். அஞ்சு."

பென்சில் நாலு தடவைதான் அசைந்தது.

"மறுபடி எண்ணு."

"நான், நீ, மல்கா, உன்ஸ். அஞ்சு! கணக்கு வாத்தியாருக்கே எண்ணச் சொல்லித் தர்றியா?" என்று சொல்லி நோட்டை மூடினான். அவன் முகத்தில் குறும்பு இல்லை, சந்தேகமும் இல்லை. 

அடுத்து வந்த நாட்களில் ஈரம் இடம் மாறியது. முதலில் அவள் காலடியில் இருந்தது, பிறகு மல்காவின் பக்கம் வந்தது. பயணத்துக்கு முந்தின நாள் மதியம் அது உன்ஸின் பாய்க்கு வந்துவிட்டது. பிள்ளையின் முதுகோடு ஒட்டி, சட்டையை நனைத்து. உன்ஸின் விசில் அன்று மேலும் மெலிந்து, நடுநடுவே அறுந்தது. வஸீலா அவளைத் தூக்கி உட்காரவைத்து இன்ஹேலரை வாயில் அழுத்தினாள். அப்போது கைப்பேசி ஒளிர்ந்தது. மஹ்தியாவிலிருந்து இன்னொரு படம்.

அதே ஐந்து மெத்தைகள். நாலு பஞ்சு போல உப்பியிருந்தன. ஐந்தாவதில் குழி விழுந்திருந்தது. குழி முழுக்க ஈரம்.

அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"லல்லா, அந்த மெத்தையில யாரு படுத்தது?"

"உங்க ஆள்தான் மகளே." கிழவியின் குரலுக்குப் பின்னால் அலை கல்லில் மோதித் திரும்பியது. "முன்னாடியே அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன். ராத்திரி இங்க படுத்துட்டு, விடிஞ்சதும் போயிடுது. சின்னப் புள்ளை. எத்தனை தடவை தொவட்டினாலும் காயவே மாட்டேங்குது."

"எங்களுக்கு அப்படி யாரும் இல்ல. நாங்க நாலு பேர்!"

"நீதானே அஞ்சுன்ன?"

"அது கண்ணு படக்கூடாதுன்னு சொன்னது. உங்களுக்குத் தெரியாதா, லல்லா?"

"எனக்குத் தெரியும்மா." கிழவி பெருமூச்சு விட்டாள். "அதுக்குத் தெரியுமா? இந்தத் தெரு வீட்டுக்கு ஒருத்தி அஞ்சு பேர்னு சொன்னா, அஞ்சாவதா வர ஆள் காத்துக்கிட்டு இருக்கும். தண்ணிக்குள்ள எத்தனை வருஷமா காத்திருக்கோ, பாவம். இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"நாலுன்னு மாத்திடுங்க."

"நான் சொல்லக் கூடாது. அஞ்சு சொன்ன வாய்தான் நாலும் சொல்லணும். நல்லா யோசிச்சுச் சொல்லு மகளே. நாலுன்னா நாலுதான்."

யோசிக்க என்ன இருக்கிறது? "நாலு," என்றாள் வஸீலா. "நாலு. நாலே பேர்." கிழவி ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு அலை மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

கூடத்துக்கு ஓடினாள். தரை காய்ந்திருந்தது. வாசனை இல்லை. நஜீப் கண் விழித்து நோட்டில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். "துவாலை அஞ்சு வாங்கியிருக்கேன் பாரு, பைத்தியக்காரன். நாலு பேருக்கு எதுக்கு அஞ்சு?" அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. உன்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். விசில் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அந்த நெஞ்சு சத்தமில்லாமல் கிடந்தது. கடலை நினைத்ததுமே குணமாகிவிட்டதா என் கண்ணுக்கு? வஸீலா கடவுளுக்கு நன்றி சொன்னாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, எதையும் காதில் வாங்காமல், அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

காலை ஒன்பது மணிக்குக் காரில் சாமான் ஏறியது. குடை, குஸ்குஸ் பானை, கிழவிக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழ மக்ரூத் இனிப்பு. பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மல்கா இந்தப் பக்கம். மஞ்சள் கவுனும் ஓலைத் தொப்பியுமாக உன்ஸ் அந்தப் பக்கம், ஜன்னலைப் பார்த்தபடி. நஜீப் வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தான்.

"எல்லாம் ஏறியாச்சு. நாலு பேர். எண்ணிட்டேன்."

கார் நகர்ந்தது. அப்போது கேட்டது.

இருமல்.

மெல்லிய, வறண்ட, இரண்டு இரண்டாக வரும் இருமல். அதற்குப் பின்னால் விசில். வஸீலாவுக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரிந்த சத்தம்.

அது பின் சீட்டிலிருந்து வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் கவுன். தொப்பி. தொப்பிக்குக் கீழே முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சீட்டில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! நஜீப், நிறுத்து!"

"எதை மறந்த?"

கதவைத் திறந்து இறங்கினாள். ஓடினாள். சாவி பூட்டில் நுழைய மறுத்தது. நுழைந்தது. இருட்டு. சுருட்டிவைத்த பாய்கள். காலியான கூடம்.

"உன்ஸ்!"

விசில் அங்கேதான் இருந்தது. அவள் படுக்கும் மூலையில், முழங்கால் உயரத்தில். கையை நீட்டினாள். சுவர். வெறும் சுவர். மூச்சு மட்டும் உள்ளே போனது, வெளியே வந்தது. நேற்று மதியத்திலிருந்து இங்கேயே. தனியாக. அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்க, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு.

விசில் மெலிந்தது. அறுந்தது. மறுபடி வந்தது. இன்னும் மெலிதாக.

மஹ்தியா எண்ணை அழுத்தினாள்.

"சொல்லு மகளே," என்றாள் லல்லா ஷத்லியா. குரலில் அழுகை இருந்தது. "எத்தனை பேர்?"

வஸீலா பின்னால் திறந்துகிடந்த கதவைப் பார்த்தாள். தெரு. கார். அந்தத் தொப்பி. மல்காவின் தோளில் சாய்ந்திருந்தது.

விசில் நின்றது.

"அஞ்சு!" என்று கத்தினாள். "அஞ்சு பேர், லல்லா. அஞ்சு பேரும் வர்றோம்!"

மூலையில் உன்ஸ் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம், கன்னமெல்லாம் காய்ந்த கண்ணீர். இன்ஹேலர். ஒரு தடவை. இரண்டு தடவை. நெஞ்சு ஏறியது. அவளை வாரி அணைத்துக்கொண்டு வஸீலா வாய்விட்டு அழுதாள். அவளை விட்டுவிட்டுக் கிளம்பிய இந்த வீட்டில் இனி ஒரு நிமிடமும் நிற்க முடியாது. காரில் மல்கா இருக்கிறாள். அந்த ஈரப் பிள்ளையோடு தனியாக இருக்கிறாள்.

நஜீப் பின்கதவைத் திறந்துவிட்டான். "வா, என் கண்ணு. நடுவுல தங்கச்சி உக்காந்திருக்கா, நீ ஓரமா உக்காரு." அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து மீதித் தொப்பியை எடுத்து உன்ஸின் தலையில் வைத்தான். "இப்பதான் கணக்கு சரி. அஞ்சு."

கைருவான் பின்னால் போனது. ஒலிவத் தோப்புகள் வந்தன. வெயில் வெள்ளையாக அடித்தது. உன்ஸின் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கட்டும். அது மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். வஸீலா நேராகச் சாலையைப் பார்த்தாள். திரும்பக் கூடாது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது.

ஈரமான சின்னக் கை ஒன்று பின்னாலிருந்து வந்து அவள் தோளில் அமர்ந்தது. குளிர்ந்து கிடந்தது. உப்புத் தண்ணீர் மார்பில் இறங்கியது.

திரும்பினாள்.

நடுவில் உட்கார்ந்திருந்ததன் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. உதடுகள் வெளுக்குமளவு இறுக மூடியிருந்தன. இமைக்காத கண்கள் அவளையே, ஒரு பிள்ளை தாயைப் பார்ப்பது போல, நம்பிக்கையோடு பார்த்தன. வாய் திறக்கவில்லை. ஆனாலும் குரல் வந்தது.

"உம்மி, இன்னும் எவ்வளவு நேரம் மூச்சை அடக்கிட்டு இருக்கணும்?"