கார்க் கொட்டகையின் புது வாசல்

புது அறையில் பெட்ரோல் வாசனை வரவில்லை. அதுதான் சவிவானுக்கு முதலில் உறுத்தியது. காலங்காலமாகக் கார் நின்ற கொட்டகை. ஓடு பதித்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டுவிட்டால் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா? வந்தது வேறு வாசனை. நனைந்த ஊதுவத்தி, அழுகத் தொடங்கிய தாமரை, அடியில் இன்னும் ஏதோ இனிப்பாக.

தாய்லாந்தில் மேக்லோங் ஆற்றங்கரையில் பழைய மரவீடு அது. புருஷன் சுதின் போன மழைக்காலத்தில் செத்ததிலிருந்து அவளுக்கு எதுவும் சுடுவதுமில்லை, குளிர்வதுமில்லை. சந்தையில் அவள் துணிக்கடைக்கு வந்தவர்கள் பாதி விலைக்குக் கேட்டாலும் தலையாட்டினாள். "துக்கம் காக்குறாளா, கடையைக் காலி பண்றாளா?" என்று பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். மகள் ரம்பாய் நிறைமாதத்தோடு வந்து சேர்ந்தாள். அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால்தான் கொட்டகையை அறையாக்கும் ஏற்பாடு.

தச்சன் பூன்மி வெளியூர்க்காரன். "வீட்டுக்குள்ளேருந்து வாசல் எங்கக்கா வைக்கட்டும்?" என்றான்.

"எங்க சுலபமோ அங்க வை. கூலியக் குறைச்சுக்கோ."

"குறைக்கலாம். என் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க."

அவள் கடையிலிருந்து திரும்பியபோது வாசல் தயாராக இருந்தது.

"வேலையே இல்லக்கா. அந்த எடத்துல மட்டும் ஆணியெல்லாம் புதுசு. கை வச்சதும் பலகை கழண்டு வந்துருச்சு."

ஆணி ஏன் புதிது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊர்ப்பக்கம் பிணத்தை வாசல் வழியே எடுக்கமாட்டார்கள். சுவர்ப் பலகையைப் பிரித்து, அந்த வழியே பெட்டியைக் கொண்டுபோய், கையோடு அடித்து மூடிவிடுவார்கள். போனவன் தான் போன வழியைத் தேடித்தான் திரும்பி வருவான். வந்தால் அங்கே வெறும் சுவர் இருக்கவேண்டும்.

வேறு இடத்தில் வெட்டச் சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய் எழவில்லை.

"நல்லாருக்கு," என்றாள்.

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்து மழை கொட்டியது. ரம்பாய் புது அறையில் தூங்கப்போனாள். சவிவான் அடுப்படியில் எலுமிச்சைப் புல்லை நறுக்கிக்கொண்டிருந்தாள். தகரக் கூரைமேல் மழை இரைந்தது, வாய்க்காலில் ஒரு படகு மோட்டார் இருமிக்கொண்டே தூரப் போனது, அதற்குள்ளிருந்து, மெத்தென்று, ஓட்டுத்தரையில் ஏதோ விழும் சத்தம் எழுந்தது.

தொப்.

இடைவெளி.

தொப்.

நடையில்லை. இரண்டு காலும் சேர்ந்து எழும்பி, சேர்ந்தே விழுகிற சத்தம். கத்தி நின்றது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று மூன்று இடத்தில் பிணத்துக்கு வெள்ளை நூல் கட்டுவார்கள், எழுந்து நடமாடாமலிருக்க. சுதினுக்குக் கட்டியவள் அவள்தான். துணிமூட்டை கட்டிப் பழகிய கை. அவள் போட்ட முடிச்சை அவளைத் தவிர யாரும் அவிழ்த்ததில்லை.

"ரம்பாய்?"

சத்தம் நின்றது.

"ரம்பாய், எழுந்து வெளிய வா."

"ம்..." தூக்கத்தில் இழுத்த குரல். செல்லச் சிணுங்கல். "ஏம்மா இப்படிப் போட்டு இறுக்கி வச்சிருக்கே? பாவம்மா."

அவள் போனாள். புது வாசல்வரை போனாள். பயப்படவேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. காலும் வரவில்லை.

கட்டிலோரம் சுதின் மண்டியிட்டிருந்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கும்பிட்ட கைகளை மகளுக்கு நேராக நீட்டியிருந்தார். கழுத்து நூல் போர்வைமேல் கிடந்தது. கணுக்கால் நூல் தரையில்.

ரம்பாயின் கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது. விரல்கள் மட்டும் விழித்திருந்தன. மணிக்கட்டு முடிச்சை நகத்தால் நெம்பின. இழுத்தன. மறுபடி நெம்பின.

"விடு," என்றாள் சவிவான். உதடு மட்டும் அசைந்தது.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மகள் முகத்தையும் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே குழந்தை புரண்டது. மேலாடையில் மேடு ஒன்று எழுந்து, அவர் பக்கமாக நகர்ந்தது.

நூல் நெகிழ்ந்தது.

கும்பிட்ட இரண்டு உள்ளங்கையும், ஒட்டியிருந்த தோல் உரிய, மெல்லப் பிரிந்தன.