ஐந்தில் ஒரு துண்டு

செத்த திசுவில் எண்ணிக்கை கூடாது; ஆனால் கூடியிருந்தது. முதல்முறை எண்ணியபோது பிளவுபடும் செல்கள் மூன்று. இப்போது நான்கு.

ஞாயிற்றுக்கிழமை மாலை. பின்னலாடைக் கம்பெனிகள் ஓய்ந்து, தெருவே வாயடைத்துக் கிடக்க, ஃபார்மலின் நெடியும் குளிர்பெட்டியின் முனகலும் மட்டுமே சூழ்ந்த பரிசோதனைக்கூடத்தில், டெக்னீஷியன் ஜெயபாண்டி தனியாக நுண்ணோக்கியின் மீது குனிந்திருந்தான்.

ஸ்லைடில் இருந்தது நாகஜோதியின் மூளை உறையில் முளைத்த கட்டி. ஒரு காலத்தில் அவனோடு ஒரே கம்பெனியில் ஓவர்லாக் மிசினில் தைத்தவள். எட்டு மாதத்துக்கு முன் அவள் தலையிலிருந்து அறுத்தெடுத்த ஐந்து துண்டுகள் இங்கே வந்தன. ஐந்தையும் மெழுகில் பதித்துச் சீவி மருத்துவர் முன் வைத்திருக்க வேண்டும். அவனோ, பனியன் செக்கிங்கில் கட்டுக்கு ஒன்றை உருவிப் பார்த்துக் கட்டையே பாஸ் போட்ட பழக்கத்தில், ஒன்றை மட்டும் பதித்தான். அந்த ஒன்றில் செல்கள் சுழல் சுழலாய் அடங்கிக் கிடந்தன. இடையிடையே சுண்ணாம்பு மணிகள். சாதுவான வகை, முதல் நிலை என்று மருத்துவர் எழுதினார். மனிதத் தலையா பனியன் கட்டு? எந்த நெஞ்சோடு அதைச் செய்தான்?

தலைவலி திரும்பிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான், மீதி நான்கையும் திருட்டுத்தனமாகச் சீவிச் சாயமேற்றினான்.

அந்த நான்கில் முதலாவதான இதில் சுழல் இல்லை. ஒழுங்கு இல்லை. செல்கள் நெருக்கியடித்துப் பரந்திருந்தன. நடுவே அழுகிய திட்டுகள். பத்துப் பார்வைப் பரப்பில் நான்கு பிளவு என்றால் இரண்டாம் நிலை. இருபது என்றால் மூன்றாம் நிலை. உயிர் குடிக்கும் நிலை.

மீண்டும் எண்ணினான். ஒன்பது.

கைபேசி அதிர்ந்தது. நாகஜோதி.

“ஏனுங்ணா, தலைவலி கூடிப்போச்சுங்க. கரண்டு வெக்கோணுமான்னு ஊட்டுக்காரரு கேக்கறாருங்க.” சிரித்தாள். “தலையத் தொறந்து பாத்து மூளை இருக்குதுன்னு டாக்டரே சொல்லியும், அந்த மனுசன் நம்பமாட்டீங்கறாருங்க!”

அவள் கேட்டது கதிர்வீச்சு சிகிச்சையை. தப்பு என்னுடையது என்று ஒரு சொல் சொன்னால் அவள் பிழைக்கலாம். அவன் வேலை போகும். ஒரே ஒரு சொல்.

“ஒண்ணுமில்ல தாயி. மொத நிலைதான். கரண்டெல்லாம் வேணாம்.”

“அப்பச் செரிங்ணா. நாளைக்கே மிசின்ல உக்காந்தர்றேன்.”

பேச்சு அறுந்தது.

அவன் லென்ஸில் கண்ணை வைத்தான். எட்டு மாதம் ஃபார்மலினில் ஊறிய ஒரு செல், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடுப்பில் இறுகியது. இரண்டானது.

பக்கத்தில் இன்னொன்று.

பதினாறு. பத்தொன்பது. இருபது.

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தான். அப்போதும் லென்ஸுக்குள் செல்கள் அசைவது தெரிந்தது. இருபத்தேழு. நாற்பது. எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.

பின்னால் ஒரு சத்தம். மிக மெல்லியது. கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம்.

திரும்பினான்.

அவன் இன்னும் பார்க்காத மூன்று ஸ்லைடுகள் தட்டில் கிடந்தன. ஓரங்களில் இளஞ்சிவப்பாய் ஏதோ பிதுங்கியிருந்தது. திசுவை மூடிய மெல்லிய மேல்கண்ணாடிகள் மூன்றும் மெல்ல உயர்ந்தன.

தாழ்ந்தன.

உயர்ந்தன.