நொடிக்கு ஒரு குமிழி

தண்ணீருக்குள் செடி வளர்க்கத் தெரிந்தவர் கல்கத்தாவிலேயே தாம் ஒருவர்தான் என்பது குருமூர்த்தியின் முடிவான கருத்து. துறைமுக ஆபீஸ் கேன்டீனில், கையிலிருக்கும் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதைச் சொல்வார். சிலிண்டர், வால்வு, நொடிக்கு ஒரு குமிழி. இவ்வளவு கறாராகக் கரியமில வாயு விட்டும், பெஹாலா குவார்ட்டர்ஸில் அவருடைய கண்ணாடி மீன்தொட்டிச் செடிகள் வெளிறிக்கொண்டே வந்தன.

கீழ்வீட்டுப் பன்னீர்செல்வத்திடம் சிலிண்டர் கிடையாது. குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருப்பார்.

"மூச்சுவிட்டே தோட்டம் போடறான்யா. அடுத்து தாலாட்டும் பாடுவான்" என்று குருமூர்த்தி கேன்டீனைச் சிரிக்கவைத்தார்.

வீட்டில் மனைவி விஜயா சிரிக்கவில்லை. "அவர் தொட்டி காடு மாதிரி இருக்குங்க. நம்மளது நேத்து வச்ச கீரை மசியல்."

அன்றிலிருந்து குருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

துர்கா பூஜை விடுமுறையில் ஒரு மத்தியானம், கரண்ட் போய், பந்தல் மேளம் தெருக்கோடியில் மந்தமாக அதிர்ந்துகொண்டிருந்தபோது, சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று கீழே இறங்கியவரை, திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ஈரமண் வாசனையும், தூங்கியெழுந்தவனின் வாய் வாசனையும் ஒன்றாக வந்து தொட்டன. நாற்காலியில் பன்னீர்செல்வத்தின் லுங்கி. அதன் மேல் மூக்குக்கண்ணாடி. குழாயின் முனை காற்றில் தொங்கியது.

ஊத ஆளில்லை. தொட்டியில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. நீளமாக ஒரு வரிசை. இடைவெளி. மறுபடி நீளமாக.

"பன்னீர்?"

குமிழிகள் நின்றன. பிறகு, வேகமாக வந்தன.

ஓடியிருக்கலாம். ஆனால் அந்த இலைகளின் சிவப்பு. தம்மிடம் இல்லாத சிவப்பு. ஒரு தண்டைக் கிள்ளிக்கொண்டுதான் மாடியேறினார்.

தம் தொட்டியில் நட்டார். துவண்டது. வால்வைத் திருகினார். நொடிக்கு இரண்டு. மூன்று. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. தண்டு சாய்ந்தது.

விஜயா அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். சிலிண்டரை மூடினார். அதிலிருந்து குழாயைப் பிடுங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயில் வைத்தார்.

முனை ஏற்கெனவே சூடாக இருந்தது.

ஊதினார். இலை நிமிர்ந்தது. இன்னொன்று. சிவந்தது. போதும் என்று குழாயை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

மறுமுனை இழுத்தது.

காபியோடு விஜயா வந்தாள். தொட்டியின் பச்சைக் கண்ணாடிக்கு அப்பால், அலையலையாக. நாற்காலியில் கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு குனிந்து, அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அட, இப்பத்தான் நம்மளதும் காடு மாதிரி ஆயிருக்கு."

அவர் வாயைத் திறந்தார். ஒரு குமிழி மேலே போனது.