பிறைத்திட்டில் கிடைத்த ஈயம்

மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்குப் பிரமிளா படகிலிருந்து முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினாள். உலோகம் கண்டறியும் கருவியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் அடியில் இருக்கும் வட்டத் தட்டு எவ்வளவு வேண்டுமானாலும் நனையலாம். கைப்பிடியை ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டிக்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போனாலும் கதை முடிந்தது. அது வாடகைக்கு எடுத்த கருவி என்பதால் அவள் அதைக் கைக்குழந்தையைவிடப் பத்திரமாகத் தூக்கிச் சென்றாள்.

அவளுக்கு முன்னால் இருளாயி நடந்தாள். ஓலைப்பட்டினத்தில் கடல்பாசி எடுக்கும் நாற்பது பெண்களில் ஒருத்தி. பாறை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தாள். இடுப்பில் பாசிப் பையும் அதைக் கட்டும் நீளமான நைலான் கயிறும் இருந்தன.

"என் காலடியிலயே கால வச்சு வா தாயி. அங்கிட்டு இங்கிட்டு போனா பள்ளம்."

எதிரே பிறைத்திட்டு மெல்ல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கடலுக்குள் கிடக்கும் மணல்மேடு அது. மற்ற நாட்களில் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில் மட்டும், கடல் நன்றாக வற்றும்போது ஒன்றரை மணி நேரம் வெளியே தெரியும். பிறகு கடல் திரும்பி வந்து மூடிக்கொள்ளும்.

அந்த மேட்டின் நடுவே வெட்டி, பெரிய படகுகள் வரப் பாதை போடப் போகிறார்கள். மண் தோண்டும் மிதவை ஏற்கெனவே கரைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலை தொடக்கம். திட்டை வெட்டினால் அதன் ஓரத்துப் பாறைகள் போகும், பாறை போனால் பாசி போகும், பாசி போனால் நாற்பது வீட்டில் அடுப்பு எரியாது. பெண்கள் மூன்று முறை மனு கொடுத்துப் பார்த்தார்கள். மனு வாங்கியவர்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பிரமிளா எழுந்து நின்றதுதான் திருப்பம். மதுரையில் கள ஆய்வு வேலை செய்பவள். பழைய கடல் வரைபடம் ஒன்றில் இந்தத் திட்டின் மேல் உடைந்த கப்பலின் குறி இருப்பதாகச் சொன்னாள். உண்மையில் பழங்காலக் கப்பல் கிடந்தால் பாதையைத் தள்ளிப் போட்டே ஆக வேண்டும். "ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்றார் அதிகாரி. அனுமதி மூன்று நாள். ஒரு முழத்துக்கு மேல் தோண்டக் கூடாது. எடுக்கும் பொருளை இருந்த இடத்திலேயே படம் பிடித்து, இடம் குறித்து, ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு நாள் போய்விட்டது. கையில் ஒன்றும் இல்லை.

முதல் நாள் கருவி ஓயாமல் கத்தியது. பிரமிளா ஆசை ஆசையாக இருபத்தேழு குழி தோண்டினாள். இருபத்தேழிலும் மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகள். பரம்பரை பரம்பரையாக அறுந்து விழுந்தவை. அன்று கடல் வற்றியிருந்த நேரம் முழுக்க அதிலேயே தீர்ந்தது. மறுநாள் அவள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தாள். ஈயத்துக்கு வாய் திறக்காதபடி கருவியின் பொத்தானைத் திருப்பி வைத்தாள். கருவியும் சொன்ன பேச்சைக் கேட்டு நாள் முழுக்க ஊமையாக இருந்தது.

இன்றும் அப்படித்தான். திட்டின் கரைப்பக்கத்தைக் கோடு கோடாக நடந்து முடித்தாள். ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு பித்தளைக் கொக்கி. ஒரு மணி நேரம் கரைந்துவிட்டது. தென்காற்று வேறு எழும்பத் தொடங்கியது.

மிச்சம் இருந்தது கடல்பக்கத்து ஓரம் மட்டும். அங்கே மணலுக்குள்ளிருந்து கறுத்த பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஊரில் அந்தப் பாறை வரிசைக்கு 'பார்' என்று பெயர். பிரமிளா தட்டை ஆட்டிக்கொண்டே நடந்தாள். சத்தமே இல்லை. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று வீறாப்பாகப் பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதைவிட, பக்கத்தில் நடப்பவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இந்தப் பக்கமும் ஈயம் நிறையக் கிடக்குமாக்கா?" என்று சும்மா ஏதோ பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

"இங்க ஏது ஈயம்? பார்ல எவனாச்சும் வலை போடுவானா? போட்டா கிழிஞ்சு தும்பு தும்பாப் போகும். எங்க மாமனார் காலத்துலயும் போட்டதில்ல, அதுக்கு முந்தியும் போட்டதில்ல."

பிரமிளா நாலு எட்டு நடந்தாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள்.

வலையே விழாத இடம். அப்படியானால் இங்கே ஈயம் கிடந்தால் அது வலையிலிருந்து வந்திருக்க முடியாது. அந்த ஈயத்தைக் கேட்கவிடாமல்தான் இரண்டு நாளாகக் கருவியின் வாயைப் பொத்தி வைத்திருக்கிறாள்!

அவள் பொத்தானைத் திருப்பினாள். பத்தடி நடப்பதற்குள் கருவி அலறியது. திரும்பி வந்தாள், மறுபடியும் அலறியது. இரண்டு பாறைகளுக்கு நடுவே மணலைக் கையாலேயே பறித்தார்கள். அரை முழத்தில் தகடு ஒன்று தென்பட்டது. கனமான ஈயத் தகடு, ஓரம் முழுக்க வரிசையாக ஆணித் துளைகள். அதை ஒட்டி இன்னொன்று. மூன்றாவதாக, கை முழ நீளத்துக்கு ஒரு ஈயக் கட்டை. தலைப்பக்கம் கயிறு கோக்கத் துளை, அடிப்பக்கம் சின்னக் குழிவு.

"இது என்ன தாயி?"

"அந்தக் காலத்துக் கப்பல்ல ஆழம் பாக்குற குண்டுக்கா. கயித்துல கட்டிக் கடல்ல இறக்குவாங்க. இந்தக் குழியில கொழுப்பத் தடவுனா அடிமண்ணு ஒட்டிட்டு வரும். மணலா, சேறான்னு தெரிஞ்சுக்குவாங்க." குரல் உடைந்துவிட்டது. "இந்தத் தகடு கப்பலோட அடிப்பலகையில அடிக்கிறது. கப்பல் இருக்குக்கா. இங்கதான் இருக்கு."

"அழுறத அப்புறம் அழு. படம் பிடி. தண்ணி வருது."

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நான்கு திசையிலிருந்தும் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்வதற்குள் முதல் அலை பாறையைத் தாண்டி வந்து குழியை நிரப்பியது. தகடுகளை மணலிட்டு மூடிவிட்டு, குண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

படகுக்கும் திட்டுக்கும் நடுவே, வரும்போது முழங்கால் அளவு இருந்த ஓடை இப்போது இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கலங்கல் தண்ணீர், அடி தெரியவில்லை. அந்தப் பக்கம் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. இவர்களுக்கு நடை குறையட்டும் என்று இருளாயியின் கொழுந்தன் நம்புராசன் அதை ஓடையோரச் சேற்றில் மேலே ஏற்றிக் கட்டியிருந்தான், தண்ணீர் வற்றியதும் அது தரைதட்டிவிட்டது. நல்லெண்ணம்தான், ஆனால் தண்ணீர் ஏறி அது மிதக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் காற்று அலையைத் திட்டின் மேல் ஏற்றிவிடும். நீந்தலாம் என்றால் கேமராவும் கருவியும் நனையும். படம் போனால் ஆதாரம் போயிற்று.

"கம்பு இருந்தா பள்ளம் பாத்துப் போயிரலாம்," என்றாள் இருளாயி. "கம்பு படகுல கெடக்கு." ஒரு கணம் யோசித்தாள். "அந்தக் குண்டக் குடு."

"அக்கா, அது..."

"ஆழம் பாக்குறதுன்னு நீதானே சொன்ன?"

ஆய்வு செய்பவள் ஒருத்தி இதற்குச் சம்மதிக்கலாமா என்று பிரமிளா யோசித்தது அரை நிமிடம்கூட இல்லை. கொடுத்தாள். இருளாயி இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் துளையில் கோத்து முடிச்சுப் போட்டாள். குண்டை நாலடி முன்னால் வீசினாள். கயிறு இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. "பள்ளம்." இழுத்து வலப்பக்கம் வீசினாள். சட்டென்று தட்டியது. "இங்கிட்டு வா."

நாலடிக்கு ஒரு வீச்சு. ஓடையின் நடுவில் தண்ணீர் பிரமிளாவின் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கையில் கருவி, மறு கையில் கேமராப் பை, இரண்டும் தலைக்கு மேல். தோள்கள் கழன்றுவிடும்போல வலித்தன. ஒரு இடத்தில் இழுப்பு அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. இருளாயி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். அப்புறம் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது, வயிறு, தொடை, முழங்கால். நம்புராசன் சேற்றில் இறங்கி ஓடிவந்து கருவியை வாங்கிக்கொண்டான்.

"தங்கமா மதினி?" என்று குண்டைப் பார்த்துக் கேட்டான்.

"ஈயம்."

"ஈயத்துக்கா இந்தப் பாடு?"

இருளாயி சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்றே, சனிக்கிழமை மாலை, குண்டும் படங்களும் அதிகாரியின் மேசைக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை அவரே படகில் வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார். பார்த்து என்ன தெரிந்ததோ, வேலையை நிறுத்தி உத்தரவு வந்தது. பாதை வடக்கே தள்ளிப் போகும், பாரைத் தொடாது. திங்கட்கிழமை காலை மண் தோண்டும் மிதவை வடக்கே நகர்ந்துகொண்டிருக்க, நாற்பது பெண்களும் வழக்கம்போல விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசிக்குப் புறப்பட்டார்கள்.

புறப்படுமுன் இருளாயி பிரமிளாவின் அருகில் வந்து நின்றாள். "என்னமோ அறிக்கை எழுதுனியாமே, வாசி கேப்போம்."

பிரமிளா வாசித்தாள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் இருளாயியின் பெயர் முதலில் இருந்தது. அதற்குக் கீழே: "ஈயத்தை ஒதுக்கித் தேடியது என் பிழை. வலை எங்கே விழும், எங்கே விழாது என்பதைக் கடலில் இறங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் கேட்டேன், அதுவும் பேச்சுவாக்கில்."

"உன் தப்ப நீயே எழுதணுமா? மேல உள்ளவங்க ஏச மாட்டாங்களா?"

"ஏசட்டும்க்கா. அடுத்து வர்றவங்க முதல் நாளே உங்ககிட்ட கேப்பாங்கல்ல."

இருளாயி அந்தத் தாளை வாங்கித் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் துணி சுற்றியிருந்ததால் அதை அவிழ்த்துவிட்டு, மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.