ஐந்தாவது துளை

நாலு துளைகளை ஒரு மார்க் நாணயத்தால் மூடிவிடலாம். ஐந்தாவது மட்டும் ஒரு சாண் விலகி, குறிக் காகிதத்தின் இடது ஓரத்தில், மற்றவற்றோடு தனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை என்பதுபோல் இருந்தது.

அல்பேர்ட் உதட்டைக் கடித்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற வேட்டைக்காரர்; மயிரிழை பிசகினாலும் அவருக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில், தன் வீட்டு நிலவறையில் றைபிள் தோட்டாக்களைத் தானே அடைப்பார். வெடிமருந்து நிறுப்பதும் பித்தளைக் கோதின் வாயில் சன்னம் என்ற ஈயமுனையைப் பொருத்துவதும் அவர் வேலை. முடிந்ததைத் துடைத்து எண்ணி, ஐந்தைந்தாகப் பெட்டியில் அடுக்குவது குணசேகரத்தின் வேலை. அகதி முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். சுவரைப் பார்த்தால் தம்பி விஜயரத்தினம் வந்துவிடுவான். சின்ன வயதில் சைக்கிள் சங்கிலிக்குக் கால் சின்னவிரலில் பாதியைக் கொடுத்தவன்; எண்பத்தைந்து ஆவணியில் இலங்கை ஆமி பிடித்துப் போனவன். ஒன்றேகால் வருடமாகியும் உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழு சனிக்கிழமைகளாக இருவரும் அந்தப் பிழையைத் தேடினார்கள். தராசில் காற்றுப் படுகிறதோ என்று ஜன்னல் இடுக்கில் கம்பளி திணித்தார்கள். வெற்றுக் கோதுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தார்கள். சன்னம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். துப்பாக்கிக் குழலைத் துடைத்தார்கள், தொலைநோக்கியின் ஆணிகளை முறுக்கினார்கள், பித்தளையும் எண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த அந்த வாடை சோற்றுப் பிடியிலும் மணக்கும்வரை குனிந்திருந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்தில் ஒன்று தப்பியது.

சுட்ட காகிதங்களை முகாமுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான் குணசேகரம். ஒழுங்கான துளைகள் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. தப்பியவை மாறவில்லை. ஏழு காகிதங்களுக்கும் ஒரே துளை. அதற்குள்ளால் முற்றத்து மரம் தெரிந்தது.

"இது தப்பினதில்லை யோசேப்பு. குறி பாத்துச் சுட்டது" என்றான் அறைத் தோழனிடம்.

"உங்களுக்கு விசர் பிடிக்கப்போகுது அண்ணை. உந்தக் காகிதங்களை எறிஞ்சுபோட்டுச் சாப்பிட வாங்கோ."

குணசேகரத்துக்குத் தன் கைமேல்தான் சந்தேகம். சுன்னாகத்தில் கடை வைத்திருந்த காலத்துப் பழக்கம் விடவில்லை. எதை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்லமாட்டான். "லாபம்" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஒவ்வொரு பெட்டியின் ஐந்து தோட்டாக்களையும் அப்படித்தான் எண்ணினான். ஒற்றும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வேண்டுதல்: தம்பியை ஒருக்கால் காட்டு.

அடுத்த சனிக்கு ஒரு பெட்டியை ஒன்றையும் ஒற்றாமல் அடுக்கினான். மற்றதில் வழக்கம்போல் ஒன்றை ஒற்றி, அதன் அடியில் பேனையால் புள்ளி வைத்தான்.

காட்டோரச் சுடுதளத்தில் புல்லெல்லாம் உறைபனி. முதல் பெட்டியின் ஐந்தும் ஒரே இடத்தில் இறங்கின. அல்பேர்ட் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார். நிலவறை ஈரம்தான் காரணம், கம்பளி வேலை செய்திருக்கிறது என்றார். குணசேகரம் மற்றப் பெட்டியை ஒளித்துவிட நினைத்துத் திரும்பினான். அது ஏற்கெனவே அவர் மடியில் திறந்திருந்தது. புள்ளி வைத்த தோட்டாவைக் காணவில்லை.

துளை பார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நூறு மீற்றர். வெள்ளைக் காகிதம். சட்டத்தின் இரண்டு மரக்கால்கள்.

இடது ஓரத்தின் கீழே, இன்னும் இரண்டு கால்கள்.

வெறுங்கால்கள். பனியில். கணுக்காலில் கம்பி. சைக்கிள் சங்கிலி தின்ற அரைச் சின்னவிரல்.

"சுடாதேங்கோ!"

தமிழில் கத்தினான். அல்பேர்ட்டின் காதுகளில் அடைப்பான். வெடித்தது.

காகிதத்தின் இடது ஓரம் ஒருமுறை துடித்தது. கால்கள் விழவில்லை. பனி சிவந்தது. மெல்ல. பிறகு குதிகள் இரண்டும் நிலத்தைவிட்டு எழும்பின. காகிதத்துக்கு மேலால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க, தம்பி கால்விரல் நுனியில் நின்றான்.